எண்ணெய்க்கு வளர்த்த சூரியகாந்தி

“போன தடவ அறுத்த விதையத்தானே போட்டேன்? அதே மண்ணு, அதே உரம். பின்ன ஏன் இப்படிக் கோணல்மாணலா நிக்குது?” என்று பெக்கோக்கில் எங்கள் நிலத்தின் நடுவே நின்று கேட்டார் என் கணவர், விதைத்தது ஏதோ நான் என்பதுபோல. எண்ணெய்க்காகச் சூரியகாந்தி போட்டு வயிறெரியும் சகோதரிகளே, பூச்சிக்காவது மருந்து உண்டு. வீட்டு மனிதர்களுக்குக் கிடையாது. இந்தத் தடவை எண்ணெய் ஆட்ட வழியில்லை என்றால் நிலம் முழுக்க வாழை வைத்துவிடுவேன் என்று வேறு அறிவித்திருந்தார்.

சிக்கன விஞ்ஞானி

எங்களுடையது எண்ணெய்க்கென்றே உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம். கடையில் வாங்கிய விதை என்றால் எல்லாச் செடியும் ஒரே உயரம், தண்டுக்கு ஒரே பூ, எல்லாம் ஒன்றாக முற்றும். அதில் எடுத்த விதையை மறுபடி போட்டால் பாட்டன் பூட்டன் குணமெல்லாம் ஆளுக்கொன்றாகக் கிளம்பும். விதைக் கடையிலேயே சொன்னார்கள். இவரோ பாதி நிலத்தில் சொந்த விதையைத் தூவிவிட்டார். ஒன்று இடுப்பளவு, ஒன்று கூரை உயரம், இன்னொன்றில் நாலு பூ. கான்வென்ட் சிஸ்டர்கள் கற்றுத்தந்த பொறுமையையெல்லாம் திரட்டி விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “குடும்பம்னா நெட்டையும் குட்டையும் இருக்கும்தான் லா.”

கொறிக்க வந்தவர்

கடை விதை போட்ட மிச்சப் பாதியை நம்பியிருந்தேன். பக்கத்து நிலத்து மாரியாயி அக்கா அதிலிருந்து ஒரு பிடி உதிர்த்து வாயில் போட்டுக்கொண்டார். பாக்கெட்டில் விற்கும் குவாச்சியும் சூரியகாந்தி விதைதான், ஆனால் அது பெரிசு, வரி போட்டது, கொறிக்கத் தோது. எங்கள் விதை சின்னது, கறுப்பு, தோல் மெலிசு. உள்ளே பருப்பெல்லாம் எண்ணெய். இதைச் சொல்லி முடிப்பதற்குள் துப்பிவிட்டு, என் தோளைத் தடவிக்கொடுத்தார்: “அலமாக், ஒன்னைய யாரோ நல்லா ஏமாத்திட்டாங்கடி!”

படத்துக்கு நிமிர்ந்தவை

முற்றிய பூ தலை கவிழ்ந்து நிற்கும். அது சோகமில்லை, சாமர்த்தியம். மழை முதுகில் விழுந்து வழிந்துவிடும், விதை நனையாது. முதுகு மஞ்சளாகி, அறுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் செனாயிலிருந்து நாத்தனார் சரோஜா குடும்பத்தோடு படம் எடுக்க வந்தாள். அவர்களுக்குச் சமைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், வரிசை வரிசையாக ராஃபியா கயிற்றில் கழுத்தைத் தூக்கிக் கட்டி, பூக்களை வானம் பார்க்க வைத்திருக்கிறார்கள். முடிச்சுப் போட்டது என் கணவர். சரோஜா பெருமையாகச் சொன்னாள்: “பாவம் அண்ணி, எல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டு இருந்துச்சு, சரிபண்ணிட்டோம்!”

மழை

சொல்லி வாய் மூடவில்லை, பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பூவும் கிண்ணம்போலத் தண்ணீர் ஏந்தியது. அப்படியே விட்டால் விதையோடு அழுகும்; அப்புறம் வாழைதான். அத்தனை பேரும் காருக்குள் ஓடிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எந்தப் படத்தில் யார் ஒல்லியாகத் தெரிகிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள், என் கணவர் உள்பட. ஆக, சூரியகாந்திக்கு வேண்டியது நல்ல விதை, நல்ல வெயில், சொந்தபந்தம் எட்டிப் பார்க்காத ஓர் அறுவடை வாரம். நனைந்த முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டே கத்தினேன்: “யாராச்சும் ஒரு கத்தரிக்கோல் எடுத்துட்டு வாங்களேன்!”