கைதட்டல் நோட்டு

தலைவர் வரும்வரை பேசுவதற்கென்று ஒரு ஆள் வேண்டும். ஆறு மணிக்குத் தலைவர் பேசுவார் என்று நோட்டீஸில் போட்டிருக்கும். ஆறு மணிக்கு அவர் வத்தலக்குண்டில் முந்தின கூட்டத்து மாலையை வாங்கிக்கொண்டிருப்பார். இடையில் கிடக்கும் இரண்டு மூன்று மணி நேரம் கூட்டம் கலைந்துவிடாமல், உலை வைக்கணும் என்று பெண்கள் எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது தனித் தொழில். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் அந்தத் தொழிலில் மணிமாறனை அடிக்க ஆள் கிடையாது. தலைவர் பேசியது மறுநாள் பேப்பரில் வரும். மணிமாறன் பேசியது எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை, டீக்கடைகளில் மட்டும் ஒரு வாரம் ஓடும்.

சொந்தப் பேர் பெரியகருப்பன். மேடைக்கு அது எடுபடாது என்று அவரே வைத்துக்கொண்ட பேர்தான் மணிமாறன். பகலில் ஒரு புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரிக்கும் வேலை. சாயங்காலம் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தோளில் துண்டைப் போட்டுவிட்டால் ஆளே வேறு. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் பேச்சைப் பற்றி அவர் படித்த படிப்பை எந்தக் காலேஜிலும் வைக்கவில்லை.

அந்தப் படிப்பு எப்படி வந்தது என்பதுதான் வேடிக்கை. மற்றவர்கள் பேசும் கூட்டங்களுக்குப் போவார். போய், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பேசுகிறவரை அவர் பார்ப்பதே இல்லை, கேட்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார். எந்தச் சொல்லுக்குக் கை தட்டினார்கள், எந்த இடத்தில் பீடி பற்றவைத்தார்கள், எப்போது ஒரு தாய் மடியில் அழும் பிள்ளையை மறந்தாள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து, அது ஏன் அப்படி ஆனது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு பக்கத்திலேயே காரணம் எழுதுவார்.

'இல்லை என்று பதில் வருகிற கேள்வி மூன்று கேள். நாலாவதற்கும் அவர்களே இல்லை என்பார்கள். உனக்கு வேண்டியது அந்த நாலாவதுதான்.'

'குரலை ஏற்றாதே, இறக்கு. பின்வரிசை முன்னால் வரும்.'

'ஒரு மணி நேரம் முந்திப் போய் அந்த ஊர் டீக்கடையில் உட்கார். கிணற்றின் பேர், கடைசியாகச் செத்தவர் பேர், இந்த இரண்டும் தெரிந்தால் நீ உள்ளூர்க்காரன்.'

'உன் குற்றம் ஒன்றை நீயே முதலில் ஒப்புக்கொள். பிறகு சொல்வதை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.'

ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பொறாமையோடு எழுதியிருந்தார். நிலக்கோட்டையில் ஒருவர் திக்கித் திணறிப் பேசினாராம், நடுவில் காகிதத்தைத் தவறவிட்டாராம், எல்லாம் வேண்டுமென்றேதானாம். 'பேசத் தெரியாதவனுக்குப் பொய் சொல்லவும் தெரியாது என்று ஜனம் நினைக்கிறது. இதற்கு மிஞ்சின வித்தை இல்லை. எனக்கு இது வராது.'

மாயம்மாள், அவர் மனைவி, அதற்குக் கைதட்டல் நோட்டு என்று பேர் வைத்திருந்தாள். அவளுக்கும் எல்லாம் மனப்பாடம். பெண்கள் பக்கம் உட்கார்ந்து, "இப்பப் பாரு, துண்டெடுத்துக் கண்ணத் தொடப்பாரு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வாள். அவர் துடைப்பார். ஒருநாள் அவள் நோட்டைப் புரட்டிவிட்டு, "எப்பக் கைதட்டுனான்னு அம்புட்டையும் எழுதிருக்கீக. கேட்டுட்டு வீட்டுக்குப் போயி அவன் என்ன செஞ்சான்னு எங்கயாச்சும் எழுதிருக்கீகளா?" என்று கேட்டாள். அது தன் வேலை இல்லை என்று சிரித்துவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

எண்பத்தொன்றில் அவருடைய சொந்த ஊரான சின்னக்கரட்டுப்பட்டியில் ஒரு தோல் ஷாப் வருவதாக இருந்தது. தோலை ஊறவைத்துப் பதனிடுகிற தொழிற்சாலை. நிலம் கொடுக்க ஊர் தயங்கியது, தண்ணீர் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தம்பி சடையாண்டி அங்கேதான் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் மல்லிகை போட்டிருந்தான். கிணறும் அப்பா வெட்டியது. கம்பெனியின் ஆட்கள் மணிமாறனைத் தேடி வந்து, உங்கள் ஊர், நீங்கள் வந்து நாலு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்பதை அவர் நம்பவும் செய்தார். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவரை இழுத்தது அது இல்லை. ஒரு ஊரே முடியாது என்கிறது, அதை ஒரே பேச்சில் ஆகட்டும் என்று மாற்றிக் காட்டினால் எப்படி இருக்கும் என்ற அரிப்புதான்.

மாற்றிக் காட்டினார். மூன்று கேள்வி கேட்டார், நாலாவதும் கேட்டார். கடைசியில் குரலை இறக்கி, "எங்க ஆத்தா இந்த ஊர்க் கெணத்துல தண்ணி எறச்சு எறச்சே நெஞ்சு வெடிச்சுச் செத்தா. ஒங்க பிள்ளைகளும் அப்படித்தான் சாகணுமா?" என்றார். துண்டை எடுத்தார். கூட்டம் மூக்கைச் சிந்தியது. முன்வரிசையில் சடையாண்டியும் அழுதான். அம்மா செத்தது விஷக்காய்ச்சலில். அது அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். அடுத்த மாதமே ஊர் நிலத்தை எழுதிக் கொடுத்தது. அன்றைய கைதட்டலுக்கு நோட்டில் முழுசாக ஒரு பக்கம் இருக்கிறது.

ஐந்து வருஷம் ஆனது. முதலில் கிணற்றுத் தண்ணீரில் நுரை வந்தது, பிறகு நிறம் வந்தது. மல்லிகைச் செடி நுனி கருகி, மொக்கு மலராமலே சிவந்து சுருங்கியது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் சடையாண்டியின் கூடையைக் கண்டாலே கடைக்காரர் தலையை ஆட்டினார். பாதிக் கிணறாவது பிழைக்கும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தபோது, தோல் ஷாப்புக்காரர்கள் இரண்டாவது ஷெட் போட மனு கொடுத்தார்கள். அது வந்தால் கழிவுநீர் சடையாண்டியின் வரப்பை ஒட்டிய ஓடையில்தான் போகும், அதோடு கிணறு முடிந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து, ஊர் என்ன சொல்கிறதோ அதை எழுதிக்கொண்டு போவதாக ஏற்பாடு ஆனது.

சடையாண்டி திண்டுக்கல்லுக்கு வந்து அண்ணன் வீட்டு வாசலில் ஒரு தூக்குவாளியை வைத்தான். மணிமாறன் மூடியைத் திறந்தார். டிகாஷன் மாதிரி இருந்தது தண்ணீர். வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருக்கு மாயம்மாள் கேட்ட கேள்வி உறைத்தது. கேட்டுவிட்டுப் போனவன் என்ன செய்தான் என்பது அந்தத் தூக்குவாளியில் இருந்தது. அவர் அதை மூடி வைத்துவிட்டு, தானே வந்து பேசுவதாகத் தம்பியிடம் சொன்னார்.

இந்தத் தடவை ஒரு வித்தையும் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை போடவில்லை, கிடங்குச் சட்டையோடு போனார். துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டார். டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் மத்தியானம் கூட்டம். அதிகாரி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மணிமாறன் எழுந்து, "அன்னைக்கு ஒங்க முன்னால நான் சொன்னது பொய். எங்க ஆத்தா தண்ணி எறச்சுச் சாகல, காய்ச்சல்ல செத்துச்சு" என்றார்.

பின்னாலிருந்து ஒருவன் சீட்டி அடித்தான். ஆரம்பமே அமர்க்களம் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்போதுதான் அவருக்கே உறைத்தது, குற்றத்தை முதலில் ஒப்புக்கொள் என்று நோட்டில் எழுதியவரே அவர்தானே. சரி என்று கெட்டுப்போன கிணறுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார். ஜனம் தாளத்துக்குத் தலையாட்டுவதுபோல் ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டியது. குரல் தானாக இறங்கியது, பின்வரிசை எழுந்து முன்னால் வந்தது. தம்பியின் செடிகளைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. துண்டைத் தேடித் தோளுக்குப் போன கை வெறுமனே திரும்பியது. முன்வரிசையில் ஒருவர் பதறிப்போய்த் தன் துண்டை நீட்டினார். மைதானம் முழுக்கக் கை தட்டியது. அதிகாரியும் தட்டினார். அத்தனை வருஷ மேடையில் அதுதான் அவர் வாங்கிய பெரிய கைதட்டல். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அடுத்து தோல் ஷாப் மேஸ்திரி எழுந்தான். சுருளிவேல் என்று பேர், ஆயக்குடிப் பக்கத்து ஆள். கையிலிருந்த காகிதம் நடுங்கியது. ஒரு வார்த்தை சொல்லி, இருமி, காகிதத்தைக் கீழே விட்டு, குனிந்து எடுத்தான். "நமக்குப் பேச்செல்லாம் வராதுங்க. தண்ணி கொஞ்சம் கெட்டிருக்குதுங்க. இல்லீன்னு சொன்னா சாமி கண்ணக் குத்தும். புதுக் கெணறு ஒண்ணு வெட்டித் தாரோம்னு மொதலாளி சொல்லியிருக்காருங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க" என்றுவிட்டு வேர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்தான். யாரும் கை தட்டவில்லை. பாவம் என்கிற மாதிரி ஒரு முனகல் மட்டும் கூட்டத்தில் எழுந்து அடங்கியது.

காகிதம் விழுந்தபோது மணிமாறன் பக்கத்தில்தான் நின்றார். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. நிலக்கோட்டைக்காரரின் வித்தை அச்சு அசலாகக் கண்முன்னே நடந்திருக்கிறது, அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். முன்னால் வந்து, அது வெற்றுத் தாள், இந்த ஆள் நடிக்கிறான் என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனுசனைப் போட்டு ஏன் இப்படிப் பண்ணுகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். நடிப்பைப் பற்றி நீங்கள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இன்னொருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ஓரமாக ஒதுங்கினார்.

ஷெட்டுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வரிசை நின்றது. வரிசையில் சடையாண்டியும் நின்றான். மணிமாறன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். கிணறு எப்படியும் போச்சு, தோல் ஷாப்புக்காரன் வாங்குகிறபோதே நிலத்தைத் தள்ளிவிடுவதாக அவன் சொன்னான். தான் இன்றைக்குச் சொன்னது சத்தியம் என்றார் அவர்.

"தெரியும்ணே" என்றான் சடையாண்டி. "அன்னைக்கு ஆத்தாளப் பத்தி நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுகை வந்துச்சு. இன்னைக்கு நீ சொன்னது நெசம்னும் தெரியுது. அழுகை வரலண்ணே. நான் என்ன செய்ய?"

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டான்.

அதன் பிறகு மணிமாறன் மேடை ஏறவில்லை. எண்பத்தொன்பது தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். பேச்சு வரவில்லை என்றார். கிராக்கி பண்ணுகிறார் என்று நினைத்து இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நோட்டை என்ன செய்தார் என்று மாயம்மாளுக்கே தெரியாது. வீட்டில் சோற்றுக்கு வெஞ்சனம் எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டினார்.

அந்த வருஷம் ஒருநாள் காலையில் நிலக்கோட்டை பஸ்ஸில் சடையாண்டியைப் பார்த்தார். வேறொருவர் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கப் போய்க்கொண்டிருந்தான். இடுப்பில் பூ மடி கட்டியிருந்தான், ஆள் பாதியாகியிருந்தான். பக்கத்தில் இடம் இருந்தது, அண்ணனைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தான். சாப்டியா என்று கேட்டான். மணிமாறன் தலையாட்டினார்.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. மனசுக்குள் ஒரு வாக்கியம் கட்டினார். அது எங்கே ஆரம்பித்து எங்கே நின்றால் தம்பியின் கண் கலங்கும் என்று அவருக்குத் தெரிந்தது, அதனாலேயே அதை விட்டார். இன்னொன்று கட்டினார். அதுவும் நன்றாக இருந்தது. மன்னிச்சிரு என்று ஒரே ஒரு சொல்லை மட்டும் சொல்லலாம் என்று பார்த்தார், அதைச் சொல்லுமுன் தன் குரல் தானாக இறங்கி நிற்பது அவருக்கே கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

தம்பி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நிறுத்தம் வந்தது. "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கி, மற்ற கூலியாட்களோடு தோட்டத்துப் பக்கம் நடந்து போனான்.