கட்டிலை நிமிர்த்துகிறவள்

பேச்சுக்கு நடுவே மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். "எங்கம்மா வராங்கன்னா சந்தோஷம்னு வாய் சொல்லுது, இங்க நூறுல ஓடுதே" என்பாள் புருஷனிடம். என் ஓரகத்தியின் தங்கை மருமகள். எங்கள் வகையறாவில் அவளுக்கு 'நாடிக்காரி' என்றே பேர்.

வேலை ஆஸ்பத்திரியில். மூளை விரட்டினால் நெஞ்சு எப்படி ஓடுகிறது, எப்போது சுருண்டு படுக்கிறது என்று ஆராய்கிற பிரிவு. ஆளைக் கட்டிலில் வாரால் கட்டி, கட்டிலோடு நிமிர்த்தி, மயக்கம் வருகிறதா என்று நாற்பது நிமிஷம் பார்ப்பாள். மிஷினில் கோடு ஓடுகிறவரை அந்த அறையில் பேசக் கூடாது. பேச்சுக் கேட்டாலே நெஞ்சு துள்ளுமாம். இவளுக்கா வாய் அடங்கும்? கன்னத்தில் மிட்டாயை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

யாரும் மயங்காத நாளில் முகம் தொங்கிப்போகும். "மூணு பேரை நிமிர்த்தினேன் அத்தை, ஒருத்தர்கூட விழல. கல்லு மாதிரி நிக்கறாங்க."

ஒரு நாள் எனக்கும் தலைசுற்றல் என்று போய், என் முறைக்காக அந்த அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர். போன மாசம் மயங்கி விழுந்தாராம். ஏன் என்று தெரிகிறவரை வண்டியைத் தொடக் கூடாதென்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"எங்க வெச்சு விழுந்தீங்கண்ணே?" மிஷினைப் போடுமுன் வாரைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"குழந்தைக்குத் தடுப்பூசி போடற இடத்துல. ஒரே புழுக்கம்மா அங்க."

மணிக்கட்டைப் பிடித்தாள். "நூத்திப்பத்து. சரி, புழுக்கம்னே வெச்சுக்குவோம்."

கையில் ஊசிக்குழாய் ஏற்றும்போது மனுஷர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டில் நிமிர்ந்தது. மீசையை விறைத்துக்கொண்டு முப்பத்தொன்பது நிமிஷம் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். ஜெயித்துவிட்ட தெம்பில், முதல் தடவையாகத் தன் கையைக் குனிந்து பார்த்தார். குழாய்க்குள் ஒரு சொட்டு ரத்தம்.

கோடு எண்பதிலிருந்து முப்பதுக்கு விழுந்தது, மீசையும் கூடவே.

அவள் கட்டிலைப் படுக்கப்போட்டாள். ஓடிவந்த டாக்டர் கோட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு சீட்டில் எழுதி அவளிடம் காட்டினார். கண்ணாடி வழியே நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'நெஞ்சில் குறையில்லை. ரத்தம் பார்த்த பயம். வண்டி ஓட்டலாம். தடுப்பூசிக்கு இனி குழந்தையின் அம்மா போகட்டும்.'

டிரைவர் கண் திறந்தார். 'வேலை போச்சா?' என்று உதடு மட்டும் அசைந்தது.

கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாடிக்காரி அவர் கால் இரண்டையும் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் காற்றில் நீட்டி, ஒரு பெரிய வளைவில் பஸ்ஸைத் திருப்பினாள்.