கயிற்றின் அந்த முனை

இன்ஜின் செத்த காரில், ஒரு சொட்டுப் பெட்ரோல் எரிக்காமல் மலை ஏறியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். என் தலைமேல் சத்தியமாக இது நடந்தது. ரிட்டயர் ஆனவருக்கு வேறு வேலையில்லை என்று என் மச்சான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மெக்கானிக். போல்ட்டு, நட்டு தவிர எதையும் நம்பாதவன்.

நான் முப்பத்தேழு வருஷம் லாரி ஓட்டியவன். நான் வருவது தெரிந்தால் மலையே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். என் சொந்தக் கார் மட்டும் என் பேச்சைக் கேட்காது. டிரைவர் பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். கைப்பிடியை மாற்றித் தருகிறேன் என்று மச்சான் ஒரு வருஷமாகக் கெஞ்சினான். கை இருக்கும்போது கைப்பிடி எதற்கு என்று கேட்டேன்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் நாலு மணிதான். மகளை அவள் வேலைக்குச் சேர்ந்த ஊரில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். வீடு இன்னும் இருநூறு கிலோமீட்டர். பாதி மலையில் பனி இறங்கியது. வெள்ளைப் பெயிண்ட் டப்பாவுக்குள் விழுந்த எறும்பு மாதிரி ஆகிவிட்டேன். முதலில் ஹெட்லைட் மங்கியது. அப்புறம் வைப்பர் சோம்பல் முறித்தது. டைனமோ பெல்ட் அறுந்துவிட்டது, பேட்டரி சாகப்போகிறது என்று எனக்கு உறைப்பதற்குள் வண்டி செத்தே போயிருந்தது.

பட்டன் கண்ணாடி, பேட்டரி இல்லாமல் இறங்கவில்லை. கதவு திறக்கவில்லை. இடது பக்கக் கதவு திறந்தது. காலை நீட்டினேன்... கீழே தரை இல்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நல்லவேளை, மச்சானின் ஷெட் அதே மலையில்தான், மேலே நாலைந்து வளைவு தாண்டி. போன் போட்டேன். கைப்பிடியைப் பற்றி ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இழுத்துப்போக ஜீப்போடு வருகிறேன், நீங்கள் இறங்கிவிடாதீர்கள் என்றான். இறங்க முடிந்தால்தானே.

கொஞ்ச நேரம்தான். முன் பம்பரில் யாரோ குனிந்து கயிறு கட்டுவது நிழலாகத் தெரிந்தது. பரவாயில்லையே, பயல் பறந்து வந்துவிட்டானே என்று நினைத்தேன்.

டக்... டக்.

பானெட்டில் இரண்டு தட்டு. லாரிக்காரர்கள் பாஷையில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். இரண்டு தட்டு கேட்டால் தூக்கத்தில்கூட என் கை ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடும். விட்டது. தட்டியவன் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

வண்டி மேடேறியது. முன்னால் கயிறு மட்டும் தெரிந்தது. பழைய நார்க்கயிறு. இரண்டு முழத்துக்கு அப்பால் பனி. பின்விளக்கின் சிவப்பு தெரியவில்லை. டீசல் நாற்றம் இல்லை. சரி, எல்லாவற்றையும் பனி விழுங்கிவிட்டது போல என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வளைவு வந்தது. இழுக்கிற வண்டி வளைவில் கியர் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது கயிறு ஒரு கணம் தொய்யும், பிறகு வெடுக்கென்று இழுக்கும்.

கயிறு தொய்யவேயில்லை.

போன் அடித்தது. மச்சான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. கை நீட்டினா கை தெரியல. ஜீப்ப எடுக்கவே முடியல. இன்னும் ஷெட்லதான் நிக்கறேன். நீங்க அங்கயேதான இருக்கீங்க?"

முன்னால் இழுபடும் கயிற்றையே பார்த்தேன்.

"மாமா?"

"யாரையாவது அனுப்பினியா?"

"இங்க யாரு இருக்கா? நான் மட்டும்தான்."

லைன் அறுந்தது.

பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லு மாதிரி இருக்கும். இரண்டு காலாலும் ஏறி நின்றேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பின் டயர்கள் கிறீச்சிட்டன. ரப்பர் கருகும் வாடை. வேகம் குறையவில்லை. ஹாரனை அமுக்கினேன். பேட்டரியோடு அதுவும் செத்திருந்தது.

ரோடு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலது, ஷெட்டுக்கு. இடது, பழைய ரோடு... மண்சரிவில் பாதி காணாமல் போய், டிரம் வைத்து அடைத்த ரோடு.

கயிறு இடது பக்கம் திரும்பியது.

ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். வண்டி கேட்கவில்லை. மூக்கு டிரம்மை இடித்தது. டிரம் உருண்டது. அது விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தேன்...

வரவேயில்லை.

என் மூளை நின்றுவிட்டது. கைதான் யோசித்தது. மோதிர விரலால் கூரையில் ஒரே ஒரு தட்டு.

டக்.

வண்டி நின்றது.

என் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு... தலைக்கு நேர் மேலே... கூரையின் வெளிப்பக்கம்...

டக்.

கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்.

"ஷெட்டுக்குப் போகணும்பா."

இரண்டு தட்டுத் தட்டினேன்.

கயிறு மெதுவாக... வலது பக்கம் நகர்ந்தது.

ஷெட் வாசலில் மச்சான் நின்றிருந்தான். கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. கயிறு தரையில் கிடந்தது. வெளியிலிருந்து என் கதவைத் திறந்துவிட்டான். அன்றைக்கே கைப்பிடியையும் மாற்றினான்.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில், யார் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: மாமா பிரேக்கை விட்டிருப்பார், வண்டி உருண்டு வந்திருக்கும். மேட்டிலா உருளும் என்று கேட்டால், ஏதாவது ஒரு பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வான்.

போன வாரம் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது மறுபடியும் இந்தக் கதையை எடுத்தேன். கயிறு கட்டியவன் எட்டடி உயரம் என்று கொஞ்சம் சேர்த்து அடித்துவிட்டேன். மூலையில் இருந்த மச்சான் தலை நிமிராமல் சொன்னான்.

"அவ்ளோ உயரம் இல்ல மாமா. இடுப்பு உயரத்துலதான் வந்துச்சு."

எது என்று கேட்டேன்.

"கயிறுதான். உங்களுக்குப் பனியில தெரியல. ஷெட் லைட்ல நான் பாத்தேன். வண்டிக்கு முன்னால விறைப்பா வந்துச்சு. நுனியில ஒரு வளையம், இடுப்புல மாட்டின மாதிரி விரிஞ்சு நின்னுச்சு... உள்ள யாரும் இல்ல."

எட்டடி காட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

"நடந்தது நிஜம்தான் மாமா. இப்பவும் பனி இறங்கினா ஷட்டர்ல ரெண்டு தட்டு விழுது. நான் உள்ளேர்ந்து ஒரு தட்டு தட்டிட்டு, விடியற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பேன்."