முள் இல்லாமல் ஒரு பாதை

தனிஸ்லாஸ் இளவயதிலிருந்தே தோட்டக்காரர். புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சு வீடு ஒன்றின் உள்முற்றத்தில்தான் வேலை பழகினார். அந்த வீட்டு எஜமானியம்மா, மதாம், காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது தரையில் ஒரு சருகு கிடக்கக் கூடாது. மண்ணில் விளக்குமாற்றின் கோடுகள் வரிசையாகத் தெரிய வேண்டும். கோடு தெரியாவிட்டால் அன்றைக்குப் பெருக்கவே இல்லை என்று அர்த்தம். வீடு கைமாறி ஹோட்டல் ஆனபோது அவரை நிறுத்திவிட்டார்கள். கைப்பழக்கம் மட்டும் கூடவே வந்தது.

பிறகு வீராம்பட்டினத்துக்குத் தெற்கே வேலை கிடைத்தது. அங்கே ஒரு இயற்கைச் சங்கம் நடைபாதை போட்டிருந்தது. சாலையிலிருந்து காசான் மரமும் உலக்கைப்பாலை மரமும் அடர்ந்த சின்னக் காட்டுக்குள் நுழைந்து, காரையும் சூரையும் மண்டிய புதர்களைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் போகும் பாதை. கடைசியில் மணல்மேட்டின் முதுகு மேலேயே கடலைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் போய், சுற்றித் திரும்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து நடக்க வருவார்கள். பாதையைப் பராமரிப்பது தனிஸ்லாசின் பொறுப்பு.

அதே வருஷம் அவர் மனைவி ஸ்டெல்லாமேரிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் இறுகிவிடும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே கம்பியைப் பிடித்து நடை பழக்குகிற கூடத்துக்கு அவள் ஒரு தடவை போனதோடு சரி.

"அங்க எல்லாரும் என்னாட்டமே இழுத்து இழுத்து நடக்கறாங்க. எனக்கு வேணாம்."

தெருவிலும் நடக்க மாட்டாள். பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். வீட்டில் தனியாக விட முடியாத ஒரு நாள் அவளைப் பாதைக்குக் கூட்டிவந்தார். மணல்மேட்டுக்கு வந்ததும் அவர் கையை விட்டுவிட்டு அவளாகவே சில அடி நடந்தாள். அதற்கப்புறம் வேறெங்கும் நடக்கச் சம்மதிக்கவில்லை.

விழுந்த காலில் செருப்பு நிற்காது. வெறுங்காலோடுதான் நடந்தாள். மேடு முழுக்க ராவணன் மீசை, நுனியெல்லாம் ஊசியாக இருக்கிற கடற்கரைப் புல். சர்க்கரை வியாதியில் மரத்துப்போன பாதம் என்பதால் குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. புண் சீழ் வைத்தது. ஆறுகிற வரை படுக்கைதான், நடை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இன்னொரு முள் ஏறினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

தனிஸ்லாஸ் மண்வெட்டியை எடுத்தார். முதலில் பாதையில் இருந்த புல்லை மட்டும் பிடுங்கினார். உடைந்த முள்ளைக் காற்று பாதைக்குக் கொண்டுவந்ததால் இரண்டு பக்கமும் பிடுங்கினார். வேரைத் தோண்டி எடுத்து, சவுக்குச் சருகை வாரி, காலையில் கோடு தெரியப் பெருக்கி வைத்தார். சங்கத்துச் செயலாளர் மெரின் வந்து பார்த்துவிட்டு, "வீட்டு ஹால் மாதிரி இருக்கு அங்கிள்" என்று போட்டோ எடுத்துக்கொண்டாள். நடக்க வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

கீழே படகை இழுத்து நிறுத்திக்கொண்டிருந்த மீன்காரர் அன்பழகன் மேலே பார்த்துச் சிரித்தார். "இன்னாண்ணே, மீசையை மழமழன்னு சிரைச்சிட்டீங்க? ராவணன் கேக்க வருவான், பாருங்க."

"வரட்டும்டா," என்றாள் ஸ்டெல்லாமேரி. "பத்து வாய்க்கும் நான் ஒருத்தி போதும்."

பொங்கலுக்குள் மேட்டை யார் கையும் பிடிக்காமல் முழுசாகக் கடந்துவிட்டாள்.

மேட்டைக் கட்டி வைத்திருந்ததே அந்தப் புல்தான். வெயில் காலத்துத் தெற்குக் காற்றில் மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து தோப்புக்குள் போனது. தினமும் பெருக்கிச் சமன் செய்ததால் மேடு தாழ்ந்தது அவர் கண்ணுக்குப் படவில்லை. ஒவ்வொரு காலையும் அது முந்தைய நாள் மாதிரியே இருந்தது. ஐப்பசிப் புயலில் கடல் அந்தத் தாழ்ந்த இடத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. பாதை நடுவில் அறுந்தது. சவுக்குகள் வேரோடு சாய்ந்தன.

"உங்களாலதான்னு சொல்ல முடியாது அங்கிள். கரை எல்லா எடத்துலயும் அரிக்குது," என்றாள் மெரின்.

தனிஸ்லாஸ் தலையாட்டினார். புல் இருந்த பக்கங்களில் ஓரம் மட்டும் கடிபட்டு மேடு நிற்பதை அவர் பார்த்திருந்தார். சங்கம் தோப்புக்கு முன்னால் கயிறு கட்டிப் பாதையை மூடியது. அவர் தெற்கே போய் வேரோடு புல் கொண்டுவந்து நட்டார். அடுத்த பெரிய அலை எடுத்துக்கொண்டு போனது. மறுபடி நட்டார். அதுவும் போனது.

வீட்டில் ஸ்டெல்லாமேரியின் கால் இறுகத் தொடங்கியது. விரல்கள் உள்ளே மடங்கின. ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் போகலாம் என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மார்கழியில் ஒரு காலை அவளே கிளம்பி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பாதைக்கு வந்தாள். கயிற்றருகே வந்ததும், "கயித்தைத் தூக்குங்க, நான் பாக்கணும்" என்றாள்.

உடைப்பின் விளிம்பில் நின்றார்கள். இடுப்பளவுக்குச் செங்குத்தாக மணல் வெட்டுப்பட்டிருந்தது. கீழே தண்ணீர் வந்து வந்து போனது. அந்தப் பக்கம் பாதை எதுவும் நடக்காதது போலத் தொடர்ந்து போனது.

"எனக்காகத்தான புடுங்கினீங்க?"

அவர் கீழே தண்ணீரைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"ஆமா."

எதிர்ப்பக்கத்துப் பாதையைக் காட்டி, "என்னைத் தூக்கி அந்தாண்ட விடுங்க" என்றாள்.

"எப்படிம்மா தூக்குவேன்?"

"தூக்கித்தான் பாருங்களேன்."

இடுப்பில் கை கொடுத்தார். அவள் எடை முழுவதும் சாய்ந்ததும் அவர் முழங்கால் மடங்கியது. அவளுடைய நல்ல காலுக்குக் கீழே மணல் சரிந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப முயன்றபோதெல்லாம் அவர் குதிகால் புதைந்து விளிம்பு இன்னும் உதிர்ந்தது. அன்பழகனைக் கூப்பிட்டார். படகு கடலுக்குள் போயிருந்தது. மூடின பாதையில் வேறு யார் வருவார்கள்? மறுபடி உரக்கக் கத்தினார்.

"கத்தாதீங்க. தொண்டைதான் கட்டும்."

அவள் பின்னால் உட்கார்ந்து, அக்குளுக்குள் கைகளைக் கொடுத்துப் பின்பக்கமாக இழுத்தார். ஒரு சாண் நகர்ந்தாள். மூச்சு வாங்க நிறுத்தினார். அவள் உட்கார்ந்திருந்த இடத்து மணல் பொத்தென்று தண்ணீரில் விழுந்தது.

"மெதுவா இழுங்க," என்றாள். "எங்கயும் போற அவசரம் இல்ல எனக்கு."

தோப்பு இன்னும் தூரத்தில் இருந்தது. அவர் மறுபடி குதிகாலை ஊன்றினார்.