மானிட்டருக்கு ஒரு சல்யூட்

காக்களூரில் நான் பில் போடும் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். பெரிய மீசைக்காரர். கேட் அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரேதான், ஆனால் அதைப் பார்க்கவே மாட்டார். கேமரா மானிட்டரில் முதலாளியின் கார் தெரிந்தால்தான் எழுவார். முதலில் மானிட்டருக்கு ஒரு சல்யூட், பிறகுதான் கேட்.

ஆயுத பூஜைக்காக, என் கம்ப்யூட்டரும் கேமரா பெட்டியும் இருந்த மேஜையைத் துடைத்துவிட்டு, கழற்றிய மானிட்டர் கேபிள்களைத் திரும்ப மாட்டினேன். என் மானிட்டரில் படம் வரவில்லை. மவுஸை உலுக்கினேன், கண்ட பட்டனையெல்லாம் தட்டினேன். வெளியே ஒரு ஹாரன் விடாமல் அலறியது. எட்டிப் பார்த்தால் முதலாளியின் கார். பக்கத்திலிருந்த வாட்ச்மேன் அறைக்கு ஓடினேன்.

“இன்னாண்ணே, முதலாளி வெளிய நிக்கிறாரு, தொறக்கலியா?”

“இதுல வரலியே சார். ரொம்ப நேரமா எவனோ சீட்டு ஆடிக்கினு கீறான். ஆடவும் தெரில அவனுக்கு.”

அவருடைய மானிட்டரில், நேற்று நான் மூடாமல் விட்ட சீட்டாட்டம். சுவர் ஓட்டை வழியாக அவருடைய மானிட்டருக்குப் போகும் கேபிளைக் கேமரா பெட்டியில் செருகாமல் என் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறேன். ஓடிப்போய் மாற்றிவிட்டு வந்தேன்.

திரையில் கார் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே முதலாளி கத்திக்கொண்டிருந்தார். இவர் நிதானமாக எழுந்து மானிட்டருக்கு சல்யூட் வைத்தார்.

“இப்பத்தான் சார் வராரு,” என்றார். அந்த முகத்தில் துளிக்கூடப் பொய் இல்லை.