எள் போட்ட சக்-சக்

சீன நாட்டுக் குல்ஜாவில் இருந்தவரை ரவுஷானியாவை ஊரார் ருஷ்யக்காரி என்றார்கள். ருஷ்யாவின் கசானுக்கு வந்த பிறகு சீனக்காரி என்றார்கள். அவள் ருஷ்யாவின் முஸ்லிம் இனமான தாத்தார் குடும்பத்தில் பிறந்த தாத்தார் பெண். சீன எல்லைக்குள் பிறந்ததால் அந்நியமானாள். தாத்தார்களே நிறைந்த நகரத்துக்கு வந்தும் இன்னொரு முறை அந்நியமானாள். முத்திரை குத்துகிறவர்களுக்கு எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கும் பொறுமை என்றைக்குமே இருந்ததில்லை.

கணவன் காஷிஃப் கசானுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டான். ரவுஷானியா டிராம் பணிமனையின் உணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து மகள் குல்சினாவை வளர்த்தாள். அங்கே அவளுக்கு இரண்டு பெயர். பசி நேரத்தில் 'அக்கா'. வயிறு நிறைந்த பிறகு 'சீனக்காரி'.

அவள் செய்யும் சக்-சக்தான் எல்லாப் பேச்சுக்கும் காரணம். மாவில் முட்டையை ஊற்றிப் பிசைந்து, பொடிப்பொடியாக நறுக்கி, நெய்யில் பொரித்து, தேன்பாகில் புரட்டிக் கோபுரமாகக் குவிப்பது தாத்தார் முறை. சீனர்களும் அதே மாவைப் பொரிக்கிறார்கள். முளைகட்டிய தானியத்தைக் காய்ச்சிய பாகில் புரட்டி, எள் தூவி, தட்டில் அழுத்தி வில்லை போடுகிறார்கள். அதற்கு வேறு பெயர். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று எந்தப் பண்டிதராலும் சொல்ல முடியாது. ஆனால் இது எங்களுடையது என்று அடித்துப் பேச மட்டும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது.

ரவுஷானியா பாதி தேனும் பாதி முளைப்பாகும் சேர்ப்பாள். ஜன்னலோரத்தில் கோதுமையை முளைக்கவிட்டுப் பாகை அவளே காய்ச்சுவாள். சந்தையில் உஸ்பெக்குக்காரரிடம் வாங்கிய காய்ந்த சிவப்பு இலந்தையை நறுக்கிப் போடுவாள். வறுத்த எள்ளைக் கை நிறைய அள்ளிப் போடுவாள். குவிப்பது மட்டும் கோபுரமாகத்தான்.

குல்சினாவுக்கும் ரிஃப்கத்துக்கும் கல்யாணம் நிச்சயமான வருஷம், எல்லை ஆற்றில் சீனப் படையும் சோவியத் படையும் சுட்டுக்கொண்டன. ரிஃப்கத்தைத் தாயில்லாத குறை தெரியாமல் வளர்த்தவள் அவன் அத்தை ஃபக்ரியா. ஆலைத் தொழிற்சங்கக் குழுவில் பெரிய பொறுப்பு, அதற்கேற்ற குரல். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வந்து, தேநீர் ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்து, விஷயத்துக்கு வந்தாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. சங்கத்துக்காரங்க எல்லாம் வர்றாங்க. நம்ம பசங்க எல்லையில சாகற வருஷத்துல சீனப் பலகாரத்தைப் பந்தியில வச்சா நல்லாவா இருக்கும்? சுத்தமான தேன்ல, நம்ம முறைப்படி செஞ்சிடுங்களேன்."

"எள்ளு துப்பாக்கி தூக்கி நான் பாத்ததில்லையே, சம்பந்தி" என்றாள் ரவுஷானியா.

ஃபக்ரியா எழுந்து போனாள். மூன்றாம் நாளே, சீனக்காரி சக்-சக்கைப் பன்றிக்கொழுப்பில் பொரிக்கிறாளாம் என்று பணிமனையில் பேச்சு வந்தது. ரவுஷானியா நெய்ச்சட்டியைத் தூக்கி வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் மேசை நடுவில் வைத்துவிட்டு, மோந்து பாருங்கள் என்று போய்விட்டாள். அந்தப் பேச்சு அங்கேயே செத்தது.

அவளால் தாங்க முடியாதது மகளின் கெஞ்சல்.

"ஒரே ஒரு நாள்மா. எனக்காக விட்டுக்குடேன். அந்த வீட்ல நான்தானே போய் இருக்கணும்?"

"ஒரு நாள் மறைச்சா, மறைக்கிற அளவுக்கு அதுல ஏதோ அசிங்கம் இருக்குன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும்டி."

குல்சினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, வாணலியில் தேனை மட்டும் ஊற்றினாள் ரவுஷானியா. பிடிவாதத்துக்கு விலை கொடுக்கப்போவது மகள்தானே என்று தோன்றிவிட்டது. தேன் கொதித்து வந்தது. குல்சினா பிறந்த குளிர்காலத்தில் குல்ஜாவில் தேனே கிடைக்கவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாளில் வந்தவர்களுக்கு இனிப்பு தர வழியில்லாமல் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீனப்பெண் ஷூச்சின் ஒரு கிண்ணம் முளைப்பாகோடும் எள்ளோடும் பனியில் நடந்து வந்தாள். அந்தப் பெண்ணை எந்தப் படையில் சேர்ப்பது? ரவுஷானியா முளைப்பாகு ஜாடியை எடுத்துத் தேனில் கவிழ்த்தாள்.

பணிமனை உணவுக்கூடத்திலேயே பந்தி. சக்-சக் கொண்டுவருவது பெண் வீட்டார் உரிமை. மாப்பிள்ளை வீட்டார் சுட்ட பெருவாத்து இரண்டு கொண்டுவருவார்கள். ரவுஷானியாவின் கோபுரம் எள்ளும் இலந்தையுமாக மேசை நடுவில் ஏறியது. ஃபக்ரியா வந்தாள். வாத்துகளை வைத்தாள். பிறகு, வெள்ளைத்துணி மூடிய இன்னொரு தட்டை அதன் பக்கத்தில் வைத்துத் துணியை விலக்கினாள். பொன்னிறத் தேன் கோபுரம், மேலே கலர் மிட்டாய்.

மூத்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சக்-சக் வருவது ஒரே ஒரு சமயத்தில்தான்: பெண்ணுக்கு அதைச் செய்து தரத் தாயோ தாய் ஸ்தானத்தில் ஒருத்தியோ இல்லாதபோது. சீனத்தை விரட்டுகிற வேகத்தில் ஃபக்ரியா அந்த வழக்கத்தையே மறந்துவிட்டாள். தாத்தார் முறையைக் காப்பாற்ற வந்தவள், தாயின் முன்னாலேயே மகளை அநாதையாக்கிவிட்டாள். அது புரிந்ததும் அவள் காது நுனிவரை சிவந்துபோயிற்று. ஆனாலும் தட்டை எடுக்கவில்லை.

குல்சினா எழுந்தாள். அம்மா பக்கம் பார்க்கவில்லை.

"அத்தை, எங்கம்மா உயிரோடதான் இருக்கா" என்றாள். எள் ஒட்டிய ஒரு துண்டைப் பிய்த்து ரிஃப்கத்தின் வாயருகே நீட்டினாள். வளர்த்தவளை ஒரு தரம் பார்த்தான் அவன். வாயைத் திறந்தான்.

ஃபக்ரியா மெதுவாகத் தன் தட்டை எடுக்கக் கை நீட்டினாள். ரவுஷானியா தடுத்தாள்.

"இருக்கட்டும் சம்பந்தி. பலகாரம் என்ன பாவம் பண்ணிச்சு?" அந்தக் கோபுரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து எல்லார் முன்னாலும் நிதானமாக மென்றாள். "தேன் அருமை. பாகுதான் கொஞ்சம் முத்திப்போச்சு, பல்லைப் புடுங்குது. இப்ப நீங்க என்னோடதச் சாப்பிடுங்க."

தட்டை நீட்டியபடி நின்றாள். கை வலித்தது. கீழே இறக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். ஃபக்ரியா வாத்தின் காலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அந்தத் தட்டை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு இனிப்பு ஆகாது" என்றாள் கடைசியில்.

"அப்ப விருந்தாளிங்க சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு ரவுஷானியா சங்கத்துக்காரர்களின் மேசைக்கே போனாள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள். எடுக்கும்வரை நகரவில்லை.