கொடுக்காத அட்டை

ஹார்ட்விக் ட்ரெஸ்மன் முப்பத்து நாலு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. சோபா வாங்கப் போனால், கடைக்காரர் சொன்ன நீளத்துக்குத் தலையாட்டிவிட்டு, நாடாவை எடுத்துத் தாமே ஒருமுறை அளப்பார். மனைவி குட்ரூன் கடையின் மறுகோடிக்குப் போய் யாரோ மாதிரி நின்றுகொள்வாள். நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் மீட்டர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அவரிடமும் இரண்டு நண்பர்களிடமுமாக மூன்று வீட்டு வண்டிகள் இருந்தன. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டிகள். ஒன்று ஹார்ட்விக்கும் குட்ரூனும் போவது. இன்னொன்று ஏவால்டும் அவர் மனைவி மெக்டில்டும். மூன்றாவது லோதார், அவருக்கு மனைவி இல்லை, ஒரு கிழட்டு நாய் இருந்தது. மே மாதம் பிறந்தால் மூன்றும் வரிசையாகக் கிளம்பும். ரோதன்பர்க், கோல்மார், ப்ரூஜ் என்று மதிலும் மணிக்கூண்டும் உள்ள ஊராகத் தேடிப் போவார்கள். முன்னால் ஹார்ட்விக், நடுவில் ஏவால்ட், கடைசியில் லோதார். பதினோரு வருஷமாக அந்த வரிசை மாறியதில்லை.

ஏவால்ட் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். கடையை விற்ற பிறகும் நாலு மணிக்குத் தூக்கம் கலைந்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் விடிந்ததும் அந்த ஊர் ரொட்டிக்கடையைக் கண்டுபிடித்து, மூன்று வண்டியின் படியிலும் சூடான காகிதப் பையை வைத்துவிடுவார். பிறகு எல்லோரும் எழுந்து வரும்வரை காத்திருந்து திட்டத் தொடங்குவார்.

"இதுக்குப் பேரு ரொட்டியா? தலையணை. தலை வச்சுப் படுக்கலாம்."

"அப்ப எனக்கு ரெண்டு குடு. கழுத்து வலிக்குது" என்பார் லோதார்.

"உனக்கு நாய் இருக்கு, அது மேல படு."

பழைய ஊர்களின் கோட்டை வாசல்கள் குதிரைவண்டிக்குக் கட்டியவை. வாசலுக்கு முன்னால் உயரம் எழுதிய பலகை இருக்கும். ஓட்டுகிறவனுக்குத் தன் வண்டியின் உயரம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக இவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருஷம் பிறந்து முதல் பயணத்துக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்று வண்டிகளும் ஏவால்ட் வீட்டு முற்றத்துக்கு வரும். ஹார்ட்விக் ஏணி போட்டு ஏறி, கோல் வைத்து மூன்றையும் அளப்பார். நீளம், அகலம், உயரம், அளந்த தேதி. எல்லாம் அச்சடித்தது போன்ற எழுத்தில் சின்ன அட்டையில் எழுதித் தருவார். ஓட்டுநர் தலைக்கு மேலே, வெயில் தடுப்பில் அதைச் செருகிக்கொள்வார்கள். வாசல் வந்தால் பலகையைப் பார்ப்பார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. யோசிக்கத்தான் மீட்டர் இருக்கிறாரே.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஏவால்ட் வண்டிக் கூரைமேல் ஏசி வைத்தார். தூக்கி வைக்கக் கை கொடுத்ததே ஹார்ட்விக்தான். மார்ச் அளவையின்போது மழை பிடித்துக்கொண்டது. ஹார்ட்விக் ஏணியில் நின்றபடியே குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: ஏவால்ட், மூன்று மீட்டர் பன்னிரண்டு.

"அட்டை ஈரமாயிடும். வீட்ல எழுதி எடுத்துட்டு வரேன்" என்றார்.

"முதல்ல உள்ள வா, கேக் ஆறுது" என்றார் ஏவால்ட்.

ஜூன் மாதம், ஒரு சாயங்காலம், பவேரியாவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயரை அதன்பின் அவர்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வண்டி நிறுத்துமிடம் மதிலுக்கு உள்ளே, ஆற்றோரம் இருந்தது. வாசல் பலகையில் மூன்று மீட்டர். ஹார்ட்விக் உள்ளே போய், வாக்கி டாக்கியில் "வரலாம்" என்றார். ஏவால்ட் பலகையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். இரண்டு மீட்டர் எண்பத்தொன்பது. வந்தார்.

தகரம் கிழியும் சத்தம் கேட்டு, சதுக்கத்தில் ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஏசி பெயர்ந்து, ஒயரில் தொங்கிக்கொண்டு பின்கண்ணாடியில் மோதியது. வாசலின் வளைவிலிருந்து ஒரு கல் உதிர்ந்து கிடந்தது. ஐந்நூறு வருஷத்துக் கல்.

ஓர் இளம் பெண் போலீஸ் வந்தாள். "உங்க வண்டி உயரம் உங்களுக்குத் தெரியாதா?"

ஏவால்ட் வெயில் தடுப்பை இறக்கிக் காட்டினார். "இதோ பாருங்க. ரெண்டு எண்பத்தொன்பது."

"மேல இருந்த ஏசியோடவா?"

மெக்டில்ட் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது போன வருஷத்து அட்டை! ஹார்ட்விக் இந்த மார்ச்ல புதுசா அளந்தானே, நான் கேக்கும் கையுமா நின்னேனே."

எல்லோரும் ஹார்ட்விக்கைப் பார்த்தார்கள்.

"ஹார்ட்விக், புது அட்டை எனக்குக் குடுத்தியாடா?" என்றார் ஏவால்ட். குற்றம் சாட்டும் குரல் அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"குடுத்தேனே" என்றார் ஹார்ட்விக்.

யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு கோப்புகூடத் தவறிப் போனதில்லை என்கிற பழக்கம் சொன்னது. அந்த நொடியில் கொடுத்தது போலவே அவருக்கும் தோன்றியது.

"மீட்டராவது மறக்கறதாவது" என்றார் லோதார். "சூரியன் மேற்கே உதிச்சாலும் உதிக்கும்."

தம் வண்டிக்குள் வந்து ஹார்ட்விக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். எழுதிக் கொடுத்த அட்டைக்கெல்லாம் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போடுவது அவர் வழக்கம். தம் பெயருக்குப் பக்கத்தில் கோடு இருந்தது. லோதாருக்கும் இருந்தது. மூன்று பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இல்லை.

வெளியே ஏவால்டும் மெக்டில்டும் வண்டியின் ஒவ்வொரு டிராயராகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போதே இறங்கிப் போயிருக்கலாம். பத்தடி தூரம்.

ஊர் திரும்பிய பிறகும் ஏவால்ட் தேடினார். ஒருநாள் போன் செய்தார்.

"நீ குடுத்தப்ப நான் எங்க நின்னேன்? கையில ஏதாவது வச்சிருந்தேனா?"

"ஞாபகமில்லடா."

"உனக்கே ஞாபகமில்லையா? அப்ப எனக்கு எங்க இருக்கப்போகுது" என்று சிரித்தார் ஏவால்ட். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

ஏவால்டின் அப்பா கடைசிக் காலத்தில் மாவில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டியவர், மகன் பெயரை மறந்தவர். மெக்டில்ட் பயந்துபோனாள். வண்டிச் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "ஆரம்பத்துல டாக்டருக்கே தெரியாதாம்" என்றார் ஏவால்ட். தன் மூளையைத் தானே நம்பாத மனிதராகிவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடி போய்ப் பார்ப்பார்.

செப்டம்பரில் வண்டியை விற்பதாக முடிவாயிற்று. வாங்க ஓர் இளம் தம்பதி சனிக்கிழமை வருவதாகச் செய்தி. ஹார்ட்விக் அன்றுதான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். நான் கொடுக்கவில்லை, உன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது, வண்டியை விற்காதே. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அத்தாட்சிக்குக் குறிப்புப் புத்தகம் பையில் இருந்தது. மார்ச் மாதம் கொடுத்திருக்க வேண்டிய அட்டையையும் எழுதி எடுத்துப் போனார். அளந்த தேதியைத்தான் போடுவது வழக்கம், அப்படியே போட்டிருந்தார்.

அவர் போனபோது இளம் தம்பதி முன்பே வந்துவிட்டார்கள். ஏவால்ட் முற்றத்தில் அவர்களுக்கு காஸ் சிலிண்டரை மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். புது ஏசி கூரைமேல் பழைய இடத்திலேயே இருந்தது.

"வா ஹார்ட்விக், நல்ல நேரத்துல வந்த" என்றாள் மெக்டில்ட். "இவனுக்கு ஒரு வேலைய முழுசாச் செய்ய வரல. கூடமாட நில்லு."

அந்நியர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? ஹார்ட்விக் வண்டிக்குள் ஏறினார். உள்ளே யாருமில்லை. கரண்டிகள் வைக்கும் டிராயரைத் திறந்தார். காகிதக் கைக்குட்டைகளுக்கு அடியில் அட்டையைச் செருகி மூடினார். கிடைத்துவிட்டால் தேடுவது நிற்கும், ஏவால்டுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தார். அப்படித்தான் அவர் நினைத்தார்.

"வண்டி உயரம் எவ்வளவு?" என்று வெளியே அந்தப் பெண் கேட்டாள்.

"இருங்க, அதுக்கு ஒரு அட்டை இருக்கணும்" என்று ஏவால்ட் உள்ளே வந்தார். ஒவ்வொரு டிராயராக இழுத்தார். கரண்டி டிராயரில் கை நின்றது.

"கெடச்சுடுச்சு! மெக்டில்ட், கெடச்சுடுச்சு!" சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். அட்டையைத் தூக்கிப் பிடித்தார். மூன்று பன்னிரண்டு. மார்ச் மாதத் தேதி. ஹார்ட்விக்கின் எழுத்து.

பிறகு அவர் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல அணைந்தது. டிராயரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"இதுல மூணு தடவை பார்த்தேனே" என்றார் மெதுவாக. "காலையிலகூடப் பார்த்தேன், ஹார்ட்விக். அப்பாவுக்கும் இப்படித்தான்."

ஹார்ட்விக்கின் கை சட்டைப் பையில் குறிப்புப் புத்தகத்தின் மேல் இருந்தது. அதை எடுத்தால் இப்போது இரண்டு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். எடுக்கவில்லை.

ஏவால்ட் கீழே இறங்கினார். விலையைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மெக்டில்டிடம் கை நீட்டிச் சாவியை வாங்கி, தானே அந்தப் பையனின் கையில் வைத்தார். அதன்மேல் அட்டையையும் வைத்தார்.

"இதை வெயில் தடுப்புல செருகிக்கோங்க" என்றார். "ஹார்ட்விக் எழுதினது. கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."